வீரர் நினைவு நாளில் போரைத் திட்டும் ஒப்பாரி – பாடலாமா? எப்படிப் பாடுவது?

பாரூர் ஏரிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்க ஊர் முச்சந்தியில் ராணுவத்தில் உயிர் விட்ட மூன்று பேருக்கு ஒரு கருங்கல் நினைவுக்கல் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பழைய கல் பலகை ஒன்று. 1914–1919 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணிக்கை மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. வருஷா வருஷம் மாலை போட்டு, பேசி, மிட்டாய் கொடுத்து முடித்துவிடுகிறோம். இந்த வருஷம் ஊர்ப் பெண்கள் பாடுகிற ஒரு ஒப்பாரியைப் பாட வைக்கலாம் என்று பேச்சு வந்தது. 11 கண்ணி (ஒரு கண்ணிக்கு இரண்டு அடி). ஆரம்பம் இப்படி:

கேவுரு கதிரறுத்துக் களத்துமேட்டில் கொட்டிவச்சேன் – என் ராசா
தாளெடுத்துப் போர்போட நீயிருந்தா ஆகாதா
தாள்போரு போடவந்த தங்கக்கையை – என் ராசா
யாருபோட்ட போருக்கோ எடுத்துக்கிட்டுப் போனாங்க

நடுவில் அனுப்பி வைத்தவனைக் கேட்கிறது:

கோட்டைக்குள்ள உக்காந்து கோடுபோட்ட மவராசா – உன்
புள்ள எங்க நிக்குதுன்னு பூமித்தாயி கேக்கறா

கடைசியில் ஒரு கண்ணி:

கூலிக்குப் போனியோ குண்டுக்குப் போனியோ – என் ராசா
வீணாகப் போனியே வெறுங்கையா வந்தியே

கமிட்டியில் மூன்று கட்சி ஆகிவிட்டது. ஒரு தரப்பு, முதல் நாலு கண்ணி மட்டும் பாடி, கேள்வி கேட்கிற பகுதியை விட்டுவிடலாம் என்கிறது. பெரியவர்கள், சாவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரியே ஆகாது என்கிறார்கள். இளைஞர்கள் சினிமா தேசபக்திப் பாட்டு போதும் என்கிறார்கள். போரைத் திட்டுகிற பாட்டு வீரனைக் குறைத்துப் பேசுவதாக ஆகிவிடுமா? பாடுவதென்றால் எந்த நாள், எந்த இடம், எந்த வரிசை, பறை வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூத்துக்கொட்டகை

தம்பி, பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கு நம்ம பக்கத்திலேயே பதிலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கிற ஊரில் படுகளம், அதாவது துரியோதனன் விழுகிற கூத்து, பார்க்காதவர் யார்? மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனின் தொடையில் அடி விழுந்து, அம்மன் கூந்தல் முடிந்த பிறகு, முறமும் துடைப்பமுமாக ஒரு பெண் வேடம் வந்து அழும். சில ஊரில் காந்தாரி, சில ஊரில் துரியோதனன் மனைவி. ஆயிரம் பேர் நடுவில், பட்டப்பகலில், சாவு வீடே இல்லாத இடத்தில் ஒப்பாரி நடக்கிறது. செத்தவன் கெட்டவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவனுக்கு அழுகை உண்டு, போரை மூட்டியவர்களுக்குச் சாபமும் உண்டு. அன்று சாயங்காலமே அதே சனம் தீ மிதிக்கப் போகிறது. செத்தவனை மதிப்பதும் சண்டையை ஏசுவதும் ஒரே களத்தில் நடக்கலாம் என்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.

ஆனால் படுகளத்தில் உள்ள ஒழுங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். கோயில் வாசலிலோ யார் வீட்டு வாசலிலோ பாடக்கூடாது. கல் இருக்கிற முச்சந்தி சரியான இடம். சுற்றி நாலு பானைத் தண்ணீர் வையுங்கள். பாடி முடித்தவர்களும் கேட்டவர்களும் கை கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் செய்தாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். அந்த வாரத்துக்குள் ஊரில் கல்யாணம், காது குத்து இருந்தால் நாளை மாற்றுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

இப்போது பாட்டு. முதல் நாலு வரியிலேயே பாட்டின் உயிர் இருக்கிறது. தாளை அடுக்கினால் அதுவும் போர், சண்டை போட்டால் அதுவும் போர். கதிர் அடிக்கிற இடமும் களம், வெட்டுப்படுகிற இடமும் களம். அந்த அம்மா ஒரு போரைப் போட வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள், இன்னொரு போர் அவனை எடுத்துக்கொண்டு போகிறது. இதற்குமேல் வரும் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு சொல்லிலிருந்து கிளை விட்டவை. மேலே நாலு கண்ணியை வைத்துக்கொண்டு கீழே வெட்டினால், விவசாயக் குடும்பத்துப் பையன் செத்துப்போனான் என்ற செய்தி மட்டும் மிஞ்சும். ஏன் என்று கேட்டவள் காணாமல் போய்விடுவாள்.

பாட்டைக் கையில் எடுத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 11 கண்ணியையும் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'யாரைப் பார்த்து?' என்று குறியுங்கள். மகனைப் பார்த்து, ஊரைப் பார்த்து, மகராசாவைப் பார்த்து, சாமியைப் பார்த்து. மகராசாவைக் கேட்கிற வரி வீரனைத் தொடுவதே இல்லை, அதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது மகனைப் பார்த்துச் சொல்லும் வரிகளை மட்டும்தான். பாட்டு அவனைக் கொஞ்சுகிறதா, குத்துகிறதா என்று அங்கேதான் தெரியும். 'வீணாகப் போனியே' அந்த வகை. அதைப்பற்றி ராணுவத்தில் இருந்தவர்கள் சொல்லட்டும்.

பாடும் முறை: மூன்று பேர் போதும். ஒருத்தர் கண்ணியைத் தனியாகச் சொல்ல, மற்ற இரண்டு பேர் இரண்டாம் அடியை மட்டும் வாங்கிப் பாட வேண்டும். ஒரு கண்ணிக்கு 35 முதல் 40 விநாடி ஆகும். 11 கண்ணிக்கு 7 நிமிஷம், பறை இடைவெளியோடு 8. இதற்குமேல் இழுத்தால் பின்னால் நிற்பவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். 'என் ராசா' என்ற விளியில்தான் மூச்சு விட வேண்டும். அதை அவசரமாகத் தாண்டினால் அடுத்த அடி பாதியில் அறுந்துவிடும். அழுவது போல் குரலை உடைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். ஒப்பாரி தெரிந்த பெண்கள் அதைச் செய்வதும் இல்லை. சொல் தெளிவாக விழுந்தால் கேட்பவர்கள் அழுவார்கள்.

ஒத்திகை இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். நாலாவது ஒத்திகையில் பாட்டு பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி நேராகிவிடும். சுருதிப் பெட்டியைக் கொடுத்து இதற்குப் பாடு என்றும் சொல்லக்கூடாது. அந்தப் பாட்டு நாலைந்து சுரத்துக்குள் நடப்பது. பாடுகிறவர் தன் குரலுக்குத் தகுந்த இடத்தில் எடுப்பார், அதுதான் சுருதி.

பறை: ஒன்று போதும், கூடிப்போனால் இரண்டு. பாட்டின் மேல் அடிக்கக்கூடாது. மூன்று கண்ணிக்கு ஒருமுறை, 20 விநாடி, மெதுவான அடி. சாவு ஊர்வலத்தில் வருகிற வேகமான ஆட்ட அடி வேண்டவே வேண்டாம். அது கேட்டதும் சின்னப் பசங்கள் கால் தானாக ஆடும், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மழை ஈரம் உள்ள நாளில் தோல் தொங்கிவிடும். பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வைக்கோல் நெருப்பில் காட்டி, 'டங்' என்று தெறிக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நெருப்பு போடும் இடத்தைக் கல்லுக்கு 20 அடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் போகும்படி முன்கூட்டியே ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினால் கூட்டம் முழுக்கப் புகை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பறை அடிப்பவர்களையும் பாடும் பெண்களையும் கூலி ஆள் மாதிரி ஓரமாக நிற்க வைக்காதீர்கள். கூலியை முன்பே பேசி முழுதாகக் கொடுங்கள். மாலை போடும் வரிசையில் அவர்களையும் கூப்பிடுங்கள், மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலி, அதே டம்ளர். போரின் அநியாயத்தைப் பாடச் சொல்லிவிட்டு, பாடுகிறவருக்கே அநியாயம் செய்தால் அந்தப் பாட்டு நாக்கில் நிற்காது.

மதராஸி ஓய்வு

ராணுவப் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: குறைத்துப் பேசுவதாக ஆகாது. சண்டைக்குப் போனவனைவிடச் சண்டையை வெறுக்கிறவன் இல்லை. ஆனால் 'வீணாகப் போனியே' என்ற சொல்லைப் பெற்ற தாய் சொல்லலாம், கட்டிய மனைவி சொல்லலாம். கமிட்டி சொல்லக்கூடாது. மூன்று வீட்டுக்கும் நேரில் போய், முழுப் பாட்டையும் படித்துக் காட்டி, சம்மதம் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். பாட்டு அச்சடித்த தாளை அவர்களிடமே விட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்துப் பதில் வாங்குங்கள். முதல் நாள் தலையாட்டுவார்கள், ராத்திரி யோசிப்பார்கள்.

ஒரு வீடு வேண்டாம் என்றால்? வரியை வெட்டாதீர்கள், பாட்டையே மாற்றுங்கள். வெட்டின பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, பாடின பெண்களுக்கும் மனக்குறை, கேட்ட வீட்டுக்கும் மனக்குறை. அந்தக் கண்ணி ஊர்ப் பெண்களின் சொத்து, அதை எடுக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். அவர்களாகவே 'வீணாக' என்ற இடத்தில் வேறு சொல் போட்டால் அது வேறு விஷயம். நாட்டுப்பாட்டு அப்படித்தான் வாய்க்கு வாய் மாறி வந்திருக்கிறது.

நாள்: ஜூலை 26 வேண்டாம். அது கார்கில் வெற்றி நாள், அன்று வருகிறவர்கள் வேறு மனநிலையில் வருவார்கள். டிசம்பர் 7 கொடிநாள், நிதி திரட்டுகிற நாள். மூன்று பேரில் ஒருவருடைய நினைவு நாளை எடுத்துக்கொண்டு, மூன்று வீடும் ஒப்புக்கொண்டால் அதையே ஊர் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை:
தமிழ்த்தாய் வாழ்த்து.
மாலை. குடும்பம் முதலில், பதவியில் உள்ளவர்கள் பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொல்லி அழுத்தம் வரும், மாற்றாதீர்கள்.
பெயர் படித்தல்.
2 நிமிஷ மௌனம்.
பாட்டு.
மறுபடி ஒரு நிமிஷம் சும்மா இருத்தல். இதற்கு அறிவிப்பு வேண்டாம்.
பேச்சு. ஒரே ஒருவர், 5 நிமிஷம்.
தேசிய கீதம்.

பாட்டையும் தேசிய கீதத்தையும் ஒட்டி வைக்காதீர்கள். உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிற ஒரு அம்மாவை 'எல்லாரும் எழுந்து நில்லுங்க' என்று எழுப்புவது கொடுமை. நடுவில் அந்த ஐந்து நிமிஷப் பேச்சு இருப்பதே அதற்காகத்தான். பாட்டுக்கு முன்னால் ஒரே ஒரு அறிவிப்பு: 'பாட்டு முடிந்ததும் கைதட்ட வேண்டாம்.' சொல்லாமல் விட்டால் முன் வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் தட்டுவார், எல்லாரும் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற ராணுவ அஞ்சலி இசையை ஊத ஆள் கிடைத்தால் மௌனத்துக்கு முன்னால் ஊதலாம். ஆள் கிடைக்காவிட்டால் செல்போனில் இருக்கிற பதிவை ஸ்பீக்கரில் போடாதீர்கள், நடுவில் போன் வரும். அதற்கு வெறும் மௌனமே மேல்.

கொடி: புதுக் கல் திறப்பாக இருந்தாலும் சரி, ஆண்டு விழாவாக இருந்தாலும் சரி, தேசியக் கொடியால் கல்லை மூடி வைத்துத் திரை மாதிரி இழுக்காதீர்கள். 2002 கொடி விதிகளில் சிலைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் கொடியைப் போர்வையாக்கக் கூடாது என்று இருக்கிறது. வெள்ளைத் துணி போதும்.

பெயர் படிக்கும்போது பதவி, பெயர், படைப்பிரிவு, தேதி, இடம். இந்த ஐந்து மட்டும். 'சிப்பாய்' என்று இருந்தால் சிப்பாய் என்றே படியுங்கள். நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் எல்லாம் தனித்தனிப் பதவி, மரியாதைக்காக ஏற்றிச் சொல்வது மரியாதை ஆகாது. எழுத்தில் சந்தேகம் இருந்தால் வீட்டில் உள்ள ஓய்வூதியப் புத்தகம், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம்.

தகடூர்ப் புறம்

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வெட்டலாமா என்ற கேள்விக்கு வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய எரிக் போகிள் 1976-ல் ஒரு பாட்டு எழுதினார். 1916-ல் செத்த 19 வயதுச் சிப்பாயின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து ஒருவன் அவனிடம் பேசுவதுதான் பாட்டு. முதலில் பரிவாக விசாரித்து, போகப்போக, இந்தப் போரோடு போரெல்லாம் ஒழியும் என்று நிஜமாகவே நம்பினாயா என்று கேட்கும். 2014-ல் பிரிட்டனில் படைவீரர் நல அமைப்பு ஒன்று நிதி திரட்ட அதைப் புதிதாகப் பாட வைத்து வெளியிட்டது. அந்தக் கேள்வி வருகிற கடைசிப் பகுதி அதில் இல்லை. பெரிய கண்டனம் எழுந்தது. அந்தப் பாட்டின் பரிவு முழுக்க அந்தக் கேள்வியை நோக்கி நடந்து போவது. கேள்வியை எடுத்தால் நடந்து போய் எங்கேயும் சேராத பாட்டாகிவிடுகிறது. உங்கள் கமிட்டியின் முதல் தரப்பு கேட்பது அச்சாக இதைத்தான்.

நம்ம மண்ணுக்கு வருவோம். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சி வேல் பாய்ந்து விழுந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. அந்த வேல் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். அவன் மார்பில் தைத்த வேல், பாணர்களின் அகன்ற மண்டையைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, அவனால் காக்கப்பட்டவர்களின் கண்பாவை ஒளி மழுங்கச் செய்து, புலவர் நாவில் போய் விழுகிறது. மண்டை என்றால் சாப்பிடும் பாத்திரம். ஒருவன் மேல் விழுந்த ஆயுதம் ஊரில் எத்தனை பேர் மேல் விழுந்தது என்ற கணக்கு அது. அவனை இதைவிட உயர்த்திச் சொல்ல முடியாது, ஆயுதத்தை இதைவிடக் குற்றவாளியாக நிறுத்தவும் முடியாது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடக்கிறது. உங்கள் ஊர்ப் பாட்டில் தாள்போர் போட ஆளில்லாமல் கிடக்கும் கேழ்வரகுக் களம் அதே கணக்கின் இன்னொரு வரிதான். பெரியவர்களில் தமிழ் படித்தவர் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

நடுகல்லையும் பாருங்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருளப்பட்டியிலும் உள்ள கற்களின் வாசகம் எவ்வளவு சுருக்கம்! இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு கொண்டபோது மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. 'பட்டான்' என்பதோடு நின்றுவிடும். ஒரு அடைமொழி கிடையாது. பெயர் படிக்கும்போது 'மாவீரன்', 'தியாகச் செம்மல்' என்று அடுக்காமல் இந்த மாதிரி படித்தால், பின்னால் வரும் ஒப்பாரிக்கு இடம் கிடைக்கும். பெருமையை எல்லாம் முன்னாலேயே கொட்டிவிட்டால் பாட்டு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

தொல்காப்பியம் கல் நடுவதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். இதில் நீர்ப்படையை நீங்கள் வருஷா வருஷம் செய்யலாம். காலையில் வீட்டுப் பெண்கள் கல்லை வெறும் தண்ணீரால் கழுவட்டும். பால், மஞ்சள், எண்ணெய் வேண்டாம். பாலும் மஞ்சளும் எழுத்துக் குழியில் தங்கிக் கறையாகும், எழுத்தில் பூசிய வண்ணம் உரியும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கருத்து, சில வருஷத்தில் எழுத்து படிக்க வராது. பழைய பலகையைக் கம்பித் தேய்ப்பானாலோ ஆசிட்டாலோ தொடவே தொடாதீர்கள். மெல்லிய தேங்காய்நார் தூரிகையும் தண்ணீரும் போதும். எழுத்து மங்கலாக இருந்தால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், நிழலில் எழுத்து எழும்பித் தெரியும்.

அந்தப் பழைய பலகை: பெயர் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். மாவட்டத்தைச் சேலம் என்று வைத்துத் தேட வேண்டும். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன, தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டம் ஆயின. பெயரை வைத்து மட்டும் தேடினால் கிடைக்காது. நம்ம பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பல பதிவுகளில் கூடுதல் விவரம் என்ற இடத்தில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா இருக்கும். அதை வைத்து வடிகட்டுங்கள். சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், 61-வது, 64-வது பயனியர்ஸ், 75-வது, 88-வது கர்நாட்டிக் காலாட்படை போன்ற சென்னைப் படைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிப்பாய் மட்டுமில்லை, சமையல், சுமை தூக்கல், வண்டி வேலைக்குப் போனவர்களும் அதில் இருப்பார்கள்.

இராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்கவில்லை. படைப்பிரிவும் எண்ணிக்கையும்தான். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். இந்தப் பாகுபாட்டை அந்த ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. உங்கள் முச்சந்திப் பலகையும் எண்ணிக்கை மட்டும் சொல்கிற பலகைதான். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் இந்த வருஷம் அதைப் படித்துவிடுங்கள்.

ரேடியோ செட்

மைக் பற்றி யாரும் சொல்லவில்லை, பாதி நிகழ்ச்சி கெடுவது அதில்தான்.

ஒப்பாரிக்கு எக்கோ வைக்கக்கூடாது. செட் போடுகிறவர் பாட்டு என்றதும் கை தானாக எக்கோவுக்குப் போகும். நிற்கச் சொல்லுங்கள். எக்கோவில் 'போர்' 'போரோ' ஆகிவிடும், சொல்லே விளங்காது. இந்தப் பாட்டு சொல்லில்தான் நிற்கிறது. பேஸைக் குறைத்து, நடுத்தரத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

மூன்று பேருக்கு மூன்று மைக் வேண்டாம். முன்னால் பாடுகிறவருக்கு ஒன்று, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தாடை உயரத்தில் ஸ்டாண்டில். கையில் கொடுக்காதீர்கள். ஒப்பாரி பாடும்போது கை மார்புக்கும் முகத்துக்கும் போகும், மைக்கும் கூடப் போகும். வாங்கிப் பாடுகிற இருவருக்கும் நடுவில் ஒன்று, ஒரு முழம் தள்ளி. முச்சந்தியில் காற்று அடிக்கும், பஞ்சு உறை போடுங்கள்.

கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பெண் குரல் மேலே போகும்போது காதைக் கிழிக்கும். இரண்டு பெட்டி ஸ்பீக்கர், கல்லுக்கு இரண்டு பக்கமும், பாடுகிறவர்களுக்கு ஒரு முழம் முன்னால், கூட்டத்தைப் பார்த்து. பின்னால் வைத்தால் ஊளை பிடிக்கும். பறைக்கு மைக்கே தேவையில்லை. ஜெனரேட்டர் வைத்தால் 100 அடிக்குக் குறையாமல், சுவருக்கு அந்தப் பக்கம்.

பொது இடம் என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அனுமதிக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை கிடைக்காது. சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயிலும் தாழும், கரண்ட் போனாலும் வெளிச்சம் இருக்கும்.

பாரூர் ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. படுகளத்தைச் சொன்னதும் பெரியவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். தண்ணீர்ப் பானை விஷயத்தை அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். மூன்று வீட்டில் இரண்டு வீடு முழுப் பாட்டுக்கும் சரி என்றது. மூன்றாவது வீட்டில் அம்மா இருக்கிறார். அவர் சொன்னது: 'வீணாகன்னு பாடுங்க, ஆனா நான் உக்காந்திருக்கிறப்ப என்னைப் பாத்துப் பாடாதீங்க.' இதை எப்படி ஏற்பாடு செய்வது? அப்புறம், இளைஞர்களை என்ன செய்வது? அவர்களை ஒதுக்கிவிடவும் மனமில்லை.

கூத்துக்கொட்டகை

அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பாடுகிறவர்களைக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள், கல்லைப் பார்த்து நிற்க வையுங்கள். ஒப்பாரி என்பதே செத்தவரைப் பார்த்துப் பாடுவது, ஊரைப் பார்த்துப் பாடுவது கச்சேரி. கல்லுக்கு எதிரே அரைவட்டமாக மூன்று பேர், முகம் கல்லுக்கு. குடும்பங்கள் கல்லுக்குப் பக்கவாட்டில், பாடுகிறவர்களின் தோள் தெரியும்படி உட்காரட்டும். முகத்துக்கு முகம் வராது. ரேடியோ செட் அண்ணன் சொன்ன மைக் ஸ்டாண்டை அதற்கேற்பத் திருப்பி வையுங்கள், ஸ்பீக்கர் மட்டும் கூட்டத்தைப் பார்க்கட்டும். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கு நெருங்கின பெண் ஒருவர், ஒரு சொம்புத் தண்ணீரோடு, முதலிலிருந்து கடைசி வரை எழாமல் இருக்க வேண்டும்.

மதராஸி ஓய்வு

இளைஞர்களுக்குப் பெயர் படிக்கும் வேலையைக் கொடுங்கள். ஒரு பெயருக்கு ஒருவர். பழைய பலகையின் பெயர்களைத் தேடும் வேலையும் அவர்களுடையதே. சேலம் ஜில்லாவில் தாலுகா தாலுகாவாக உட்கார்ந்து வடிகட்ட அவர்களால்தான் முடியும். ஊத்தங்கரையை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், நாலையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்த பெயர் உங்கள் ஊர்க்காரர்தான் என்று தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ ஒத்துவந்தால் மட்டும் படிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு வைத்துவிட்டு, 'பெயர் தெரியாத இத்தனை பேர்' என்று படியுங்கள்.

தகடூர்ப் புறம்

ஒரு சின்ன விஷயம். பாட்டை அச்சடித்துக் கொடுத்தால் தாளின் ஒரு பக்கம் பெயர்கள், மறுபக்கம் 11 கண்ணி. விளம்பரம், போட்டோ, கமிட்டி உறுப்பினர் பட்டியல் எதுவும் வேண்டாம். பாட்டின் கீழே 'எழுதியவர்' என்று யார் பெயரையும் போடாதீர்கள். பாடும் மூன்று பெண்கள் சம்மதித்தால் 'பாடுவோர்' என்று அவர்கள் பெயர். எழுத்தின் அளவு 16 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், வயதானவர்கள் சாயங்கால வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.